குறைக்கு என்ன விலை?

கீரனூரில் வீட்டு வேலைத் தகராறு முற்றினால் ஆட்கள் முதலில் ஓடுவது போலீஸ் ஸ்டேஷனுக்கு. "பணத்த வாங்கிட்டு வேலையக் கெடுத்துட்டான், கூப்பிட்டு விசாரிங்க" என்று ஒரு மனு கொடுப்பார்கள். அங்கே இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு, "இது சிவில் மேட்டர், பேசி முடிச்சுக்கங்க, முடியலன்னா கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பி வைப்பார்கள். சட்டப்படி அதுதான் சரி. அடுத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டுத் திண்ணை. "அவனும் நம்ம பய, நீயும் கொஞ்சம் விட்டுக்குடு" என்று பாதித் தொகையில் வெட்டி முடிப்பார்கள். ஐப்பசி பிறந்ததும் தகராறும் திரும்ப முளைக்கும். பேசி முடித்தார்களே தவிர, கூரை ஒழுகுவதை யாரும் நிறுத்தவில்லை. இந்த இரண்டு இடத்துக்கும் போய் வந்த பிறகுதான் பெரும்பாலானவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

நான் வக்கீல் இல்லை. சிவில் டிப்ளமோ படித்தவன். பிளான் போடுவது, எஸ்டிமேட் எழுதுவது, வீட்டுக் கடனுக்கு மதிப்பீடு செய்வதுதான் தொழில். தகராறு பார்ப்பது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இதற்கு எனக்கென்று சில ஒழுங்குகள் வைத்திருக்கிறேன். கட்டணத்தை இரண்டு தரப்பும் பாதி பாதி தர வேண்டும். ஒருவர் மட்டும் தருகிறேன் என்றால் போக மாட்டேன். அவருக்குச் சாட்சி சொல்லும் அறிக்கை வேண்டுமானால் அது வேறு வேலை, அதை வெளிப்படையாகச் சொல்லியே செய்வேன். பார்க்கப் போகும் நாளில் அந்த வீட்டில் காபி குடிப்பதில்லை. வீட்டுக்காரர் கொடுத்த காபியைக் கான்ட்ராக்டர் கணக்கில் வைத்துக்கொள்வார். முக்குக் கடையில் மூன்று டீ வாங்கி வரச் சொல்லி வாசலில் நின்று குடிப்பது பாதுகாப்பு.

கீரனூர் குளத்தூர் தாலுகாவின் தலைமையிடம். திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே, பெரிய சாலையை ஒட்டியிருக்கிற பேரூராட்சி. தாலுகா ஆபீஸ் உண்டு, முன்சீப் கோர்ட் உண்டு, ரயில் நிற்கும். ஆனால் ஆளுக்கு ஆள் தெரிந்த ஊர். திருச்சியில் ஒரு கான்ட்ராக்டரோடு சண்டை போட்டால் அவர் உறையூரிலிருந்து கே.கே. நகருக்குத் தொழிலை மாற்றிக்கொள்வார், நீங்களும் அவரை மறந்துவிடலாம். இங்கே மறுநாள் காலை அதே பால் பூத்தில் இருவரும் நிற்க வேண்டும். அவர் பெண்டாட்டியும் உங்கள் தங்கையும் ஒன்றாகப் படித்திருப்பார்கள். வேலை கொடுத்ததே அந்த உறவை நம்பித்தான். அதனால்தான் பேப்பரில் எதுவும் எழுதியிருக்க மாட்டார்கள். "அவன்கிட்ட போயி அக்ரிமெண்ட் போடுறதா, என்ன நெனப்பான்?" என்று கேட்காத வீட்டுக்காரரை நான் இதுவரை பார்க்கவில்லை.

கான்ட்ராக்டர்களையும் சொல்ல வேண்டும். நேற்று சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்த கொத்தனார், இன்று பைக்கில் பெயர் எழுதி விசிட்டிங் கார்டு அடித்துக் கான்ட்ராக்டர் ஆகிவிடுகிறார். கை வேலை தெரியும். கணக்கு தெரியாது. மூன்று வீடுகளை ஒரே நேரத்தில் எடுத்து, முதல் வீட்டு அட்வான்ஸை இரண்டாம் வீட்டுக் கூலிக்குப் போட்டு, மூன்றாம் வீட்டுக்கு ஆள் அனுப்ப முடியாமல் விழிப்பார். ஏமாற்றவே வந்தவர்கள் நான் பார்த்ததில் மிகக் குறைவு. வீட்டுக்காரர் பக்கமோ, பாதிப் பேர் ஊரில் இல்லை. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு இரவு வீடியோ காலில் சுவரைப் பார்த்து, "அந்த எடத்துல ஒரு ஷெல்பு வச்சிருங்க" என்பார்கள். அதற்கு யார் காசு என்று அப்போது இருவரும் பேசுவதில்லை.

என்னிடம் வருகிறவர்கள் கொண்டுவருவதெல்லாம் வார்த்தைகள். "நாசம் பண்ணிட்டான்", "வேலையா இது", "பிச்சக்காரத்தனமா பேசுறாங்க சார்". இவற்றை வைத்துக்கொண்டு யாரும் சமரசம் பேச முடியாது. நாசத்துக்கு எவ்வளவு கழிப்பது? என் வேலை ஒன்றே ஒன்று: ஒவ்வொரு வார்த்தையையும் சதுர அடியாக்கி, சதுர அடியை ரூபாயாக்குவது. குளியலறைத் தரையில் வாட்டம் சரியில்லை, அதைக் கொத்தி எடுத்துத் திரும்பப் போட 14,000 ரூபாய் ஆகும் என்று எழுதிவிட்டால் அதைப் பற்றி இரண்டு பேர் பேரம் பேசலாம். 14,000 இல்லை, 11,000தான் ஆகும் என்று கான்ட்ராக்டர் சொல்லும்போதே குறை இருப்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறார்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். பழைய கான்கிரீட் வீடு. கணவர் சிங்கப்பூரில். வீட்டில் அவர் மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகள். பழைய பூச்சை உதிர்த்துப் புதிதாகப் பூசுவது, ஹாலுக்குப் புது டைல்ஸ், ஒரு குளியலறை, மொட்டை மாடிக்கு வெள்ளைக் கூலிங் டைல்ஸ். பேசிய தொகை 4,80,000 ரூபாய், பொருளோடு சேர்த்து. 4,10,000 கொடுத்தாகிவிட்டது. மீதி 70,000. முதல் மழையிலேயே ஹால் மூலையில் ஓதம் இறங்கியது. அந்த அம்மா பணத்தை நிறுத்திவிட்டார். கான்ட்ராக்டர் பையன் மீதி 70,000த்தோடு, எக்ஸ்ட்ரா வேலைக்கு 64,000 சேர்த்துக் கேட்டான். அவன் அவருக்குத் தம்பி முறை. வேலை நடந்தபோது "அக்கா, அக்கா" என்று இவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. நான் போன நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

முதலில் மாடி. கூரை ஒழுகினால் எல்லோரும் ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே தேடுவார்கள். தண்ணீர் அப்படி நேராக இறங்குவதில்லை. தளத்துக்கும் டைல்ஸுக்கும் நடுவே ஓடி, இளைத்த இடத்தில்தான் இறங்கும். மழைநீர்க் குழாய்களின் வாயைத் துணி வைத்து அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டச் சொன்னேன். கைப்பிடிச் சுவரில் தண்ணீர் மட்டத்துக்குப் பென்சிலால் கோடு போட்டு, கான்ட்ராக்டரையே அதன் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். மறுநாள் கோட்டுக்குக் கீழே தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. வெயிலில் காயும் அளவைத் தாண்டிய இறக்கம் அது. ஹால் மூலையில் ஈரம் புதிதாக அகன்றிருந்தது. துணியை எடுத்துத் தண்ணீரைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. குழாய் வாய் டைல்ஸ் மட்டத்தைவிட அரை அங்குலம் மேலே இருந்தது. எவ்வளவு பெருக்கித் தள்ளினாலும் அங்கே ஒரு குளம் நிற்கும். பழைய தட்டோட்டைக் கொத்தி எடுக்காமல் அதன் மேலேயே புது டைல்ஸை ஒட்டியிருக்கிறார்கள், வாட்டத்தைத் திருத்தவில்லை. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையை வளைவாகப் பூசி அடைக்கவும் இல்லை. டைல்ஸ் ஒழுகவில்லை, ஓரம் ஒழுகியது. மொத்தத்தையும் பெயர்க்கத் தேவையில்லை, ஓர வரிசையைப் பெயர்த்து, குழாய் வாயை இறக்கி, மூலையை அடைத்தால் போதும். 38,000 என்று எழுதினேன். அந்த அம்மா மனதில் இருந்த தொகை ஒன்றரை லட்சம்.

குளியலறைக்கு நான் ஒரு கோலிக்குண்டு வைத்திருக்கிறேன். ரசமட்டம் இருக்கிறது, லேசர் இருக்கிறது. ஆனால் கோலிக்குண்டு பேசுவதை மாமியாரும் புரிந்துகொள்வார். நடுவில் வைத்தேன். வடிகால் பக்கம் போகாமல் வாசல் பக்கம் உருண்டு நிலைப்படியில் முட்டி நின்றது. பையன் குனிந்து அதை எடுத்து, இன்னொரு இடத்தில் அவனே வைத்துப் பார்த்தான். அதுவும் வாசலுக்கே வந்தது. "கொத்தனாரு புதுசு சார்" என்றான். அதற்கு மேல் அங்கே வாதம் இல்லை.

டைல்ஸ்தான் நேரம் பிடித்தது. ஹாலில் இரண்டுக்கு இரண்டு அடி விட்ரிஃபைடு டைல்ஸ், மொத்தம் 63. ஒரு மரக் கைப்பிடியால் ஒவ்வொன்றையும் ஐந்து இடத்தில் தட்ட வேண்டும், நான்கு மூலையும் நடுவும். உட்கார்ந்தது "டிக்" என்று கேட்கும். அடியில் காற்று இருந்தால் "டொப்" என்று கேட்கும். முழுக்க வெற்றாக இருப்பதற்குப் பெருக்கல் குறி, மூலை மட்டும் வெற்றாக இருப்பதற்கு ஒரு கோடு என்று சாக்பீஸால் போட்டுக்கொண்டே போனேன். பதினொன்று முழு வெற்று. ஒன்பது மூலை வெற்று. காரணம் ஊரறிந்தது. பழைய சிமெண்ட் தரை ஓடு தண்ணீரைக் குடிக்கும், சிமெண்ட் பாலோடு பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதத் தண்ணீர்கூட உறிஞ்சாது; சிமெண்ட் பால் அதன் முதுகைப் பிடிக்காது. அதற்கு ஒட்டுப் பசை வேண்டும், பல் கரண்டியால் முழுப் பரப்புக்கும் இழுத்துத் தேய்க்க வேண்டும். பசைக்கு 15477 என்று தனி ஐ.எஸ். தரமே இருக்கிறது. இங்கே பசை வாங்கவே இல்லை, ஐந்து உருண்டை கலவை வைத்து அமுக்கியிருக்கிறார்கள். ஆனால் மூலை வெற்றாக இருந்த ஒன்பதையும் பெயர்க்க வேண்டாம் என்று சொன்னேன். ஒன்றைப் பெயர்க்கும்போது பக்கத்தில் இரண்டு கீறும். கட்டில் கால், பீரோ கால் அதன் மேல் வராமல் பார்த்துக்கொண்டால் வருடக்கணக்கில் இருக்கும். இப்படிச் சொல்வது வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்காது. கான்ட்ராக்டருக்குச் சாதகமாகப் பேசுகிறேன் என்று நினைப்பார்கள். பதினொன்றை மாற்ற 6,000.

குளியலறை 14,000, மாடி 38,000, டைல்ஸ் 6,000. ஆக 58,000. இவற்றை ஒரு நீளத் தாளில் கட்டம் போட்டு எழுதுவேன். முதல் கட்டத்தில் குறை, அடுத்ததில் வீட்டுக்காரர் சொல்வது, மூன்றாவதில் கான்ட்ராக்டர் சொல்வது, நான்காவதில் சரிசெய்யும் செலவு, கடைசிக் கட்டம் காலி. நானாகவே கண்டுபிடித்த முறை என்று கொஞ்ச நாள் பெருமையாக இருந்தது. பிறகு தெரிந்தது, இங்கிலாந்தில் கட்டுமான வழக்குகளில் இதே அட்டவணையைத்தான் வைத்திருக்கிறார்கள். 1920களில் அங்கே இந்த வழக்குகளை விசாரித்த ஸ்காட் என்ற அதிகாரியின் பெயரால் அதை ஸ்காட் ஷெட்யூல் என்கிறார்கள். லண்டனில் ஒழுகினாலும் கீரனூரில் ஒழுகினாலும் கட்டம் ஒன்றுதான். இதில் ஒரு வசதி, ஒரு வரியைப் பேசும்போது இன்னொரு வரிக்குத் தாவ முடியாது. குளியலறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது "உங்க வீட்டுக்காரர் போன்ல என்ன பேசுனாருன்னு தெரியுமா" என்று ஆரம்பித்தால், "அதுக்குக் கட்டம் இல்ல தம்பி" என்று சொல்லிவிடலாம்.

அடுத்து அவன் கேட்ட எக்ஸ்ட்ரா. வீட்டுக்காரர்கள் என்னைக் கூப்பிடும்போது இதையும் பார்ப்பேன் என்று எதிர்பார்ப்பதில்லை. 64,000த்தை நான்காகப் பிரித்தோம். கூடுதல் பூச்சு 29,000, கைப்பிடிச் சுவர் ஓர் அடி உயர்த்தியது 12,000, சமையலறை ஷெல்ப் 8,000, சாரம் இரண்டாம் முறை கட்டியது 15,000.

பூச்சு அளவில்தான் பெரிய சண்டை. பையன் சுவரை முழுக்க அளந்து, கதவு ஜன்னலைக் கழிக்காமல், ஜன்னலின் பக்கவாட்டுப் பூச்சையும் தனியாகச் சேர்த்திருந்தான். அந்த அம்மாவின் கொழுந்தனார் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒவ்வொரு திறப்பையும் கழித்திருந்தார். இரண்டும் முறையில்லை. அளப்பதற்கு ஐ.எஸ். 1200 இருக்கிறது. அரை சதுர மீட்டர் வரைக்கும் உள்ள திறப்பைக் கழிப்பதில்லை. வென்டிலேட்டர் எல்லாம் அதற்குள் வரும். அரையிலிருந்து மூன்று சதுர மீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய 32 சதுர அடி வரை, ஒரு முகத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும், இன்னொரு முகத்துக்குக் கழிக்காமல் விடுவதே பக்கவாட்டுப் பூச்சுக்கான கூலி. மூன்றுக்கு மேலே போனால் இரண்டு பக்கமும் கழித்து, பக்கவாட்டைத் தனியாக அளந்து சேர்க்க வேண்டும். நாலுக்கு நாலு ஜன்னல் பதினாறு சதுர அடி. மூன்றுக்கு ஏழு கதவு இருபத்தொன்று. எல்லாமே நடு வகை. ஒரு முகம் கழிவு, பக்கவாட்டுக்குத் தனிக் காசு கிடையாது. டேப்பின் ஒரு முனையைப் பையனும் மறுமுனையைக் கொழுந்தனாரும் பிடிக்க, நான் எழுதினேன். 29,000 என்றது 11,000 ஆனது. கொழுந்தனார் கணக்கில் அது பூஜ்யமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கைப்பிடிச் சுவரை யார் உயர்த்தச் சொன்னது என்பதற்குச் சாட்சி ஒரு வாய்ஸ் மெசேஜ். பையன் போனை எடுத்து ஓட்டினான். "தம்பி, மேல கைப்புடிச் செவர இன்னும் ஒரு அடி தூக்கிருங்க, புள்ளைங்க ஏறி வெளையாடுதுங்க, பயமா இருக்கு" என்று அந்த அம்மாவின் குரல். அவர் மறுக்கவில்லை. "சொன்னேன், அது இதுலயே வரும்னு நெனச்சேன்" என்றார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். 12,000 முழுவதும் ஏற்றேன். ஷெல்புக்கு 8,000 ஏற்றேன். சாரத்துக்கு 15,000 தள்ளுபடி. ஆள் வராததால் சாரத்தைப் பிரித்துக்கொண்டு போனதே அவன்தான், திரும்பக் கட்டியதற்கு அக்கா எதற்குக் கொடுக்க வேண்டும்? ஆக எக்ஸ்ட்ராவில் நிற்பது 31,000.

கணக்கைக் கூட்டிச் சொன்ன அன்று ஹாலில் இரண்டு பக்கமும் ஆள் இருந்தார்கள். பையனோடு அவன் அப்பா வந்திருந்தார், பழைய கொத்தனார், என் முதல் சைட்டில் எனக்குத் தூக்குக்குண்டு பிடிக்கச் சொல்லிக் கொடுத்த தலைமுறை. மீதி 70,000, எக்ஸ்ட்ரா 31,000, சேர்த்து 1,01,000 அவனுக்கு வர வேண்டும். குறை சரிசெய்ய 58,000 அவன் பொறுப்பு. குறைகளை வேறு ஆளை வைத்து அக்கா சரிசெய்துகொண்டால் அவனுக்கு 43,000 கொடுக்க வேண்டும். அவனே செய்து கொடுத்தால் முழு 1,01,000. அந்த அம்மா முகம் சிவந்துவிட்டது. "ஒழுகுற வீட்டுக்கு நா இன்னும் காசு குடுக்கணுமா சார்?" என்றார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவர் 70,000த்தை நிறுத்தியதோடு தகராறு தன் பக்கம் முடிந்துவிட்டதாக நினைத்திருந்தார். நிறுத்தி வைத்த பணம் தண்டனை ஆகாது. அது இன்னும் அவனுடைய பணம், அதிலிருந்து குறைக்கான செலவைத்தான் எடுக்க முடியும். இதைச் சொன்னபோது கொழுந்தனார் எழுந்து வெளியே போய்விட்டார்.

பையன் பக்கமும் சந்தோஷம் இல்லை. "நா ஊர்ல தல காட்டணும்ல சார், அக்கா எல்லார்ட்டயும் சொல்லிட்டாங்க" என்றான். அவன் அப்பா அதுவரை பேசவில்லை. மாடிக்குப் போய், குழாய் வாயைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து மகனிடம், "மாடிய நீ தொடாத. அதுக்குன்னு செய்யிறவன் செய்யட்டும். கீழ உள்ளத நா நின்னு செஞ்சு தர்றேன்" என்றார். எனக்கு அதைவிட நல்ல தீர்வு தோன்றியிருக்காது. மாடி வேலைக்கான 38,000த்தைக் கழித்துக்கொண்டு, கூலிங் டைல்ஸ் மட்டுமே செய்யும் திருச்சி ஆட்களை அந்த அம்மா கூப்பிட்டுக்கொள்வது. குளியலறையும் ஹாலும் இவர்கள் செய்வது. அவனுக்கு 63,000. அதில் 40,000 கீழ் வேலை முடிந்து கோலிக்குண்டு வடிகாலுக்கு உருளும் அன்று. மீதி 23,000 தை பிறந்த பிறகு. கட்டத் தாளின் காலியாக இருந்த கடைசிக் கட்டத்தில் வரிக்கு வரி இந்தத் தொகைகளை எழுதி, வரிக்கு வரி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அம்மா கையெழுத்துப் போடும் முன் சிங்கப்பூருக்குப் போன் போட்டார். இருபது நிமிடம் பேசினார். தையில் 23,000 கொடுத்துவிட்டதாக எனக்கு ஒரு மெசேஜ் வந்தது, ஜி-பே ரசீதோடு.

எல்லாமே இப்படி முடியாது. லேபர் கான்ட்ராக்ட் தகராறு இதைவிடச் சிக்கல். பொருள் வீட்டுக்காரருடையது, கூலி மட்டும் மேஸ்திரிக்கு. சுவர் முழுக்க மயிரிழை விரிசல். மேஸ்திரி "மணல் சரியில்ல" என்பார், வீட்டுக்காரர் "தண்ணி ஊத்தல" என்பார். மூன்றாவது ஆளான கிரஷர்காரர் சண்டையிலேயே இருக்க மாட்டார். நம் பக்கம் கல் மலைக்குப் பஞ்சமில்லை, கிரஷரும் பக்கம். அதனால் கழுவிய பி-சாண்டுக்குப் பதிலாகக் கிரஷர் தூளையே மணல் என்று இறக்கிவிடுவதும் சுலபம். ஒரு வீட்டில் மிச்சம் கிடந்த குவியலிலிருந்து இரண்டு கை அள்ளி, கண்ணாடி பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஜன்னல் படியில் வைத்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே மணல் அடியில் படிந்தது. தூள் அதன் மேல் சாம்பல் நிறத்தில் தனி அடுக்காக, கிட்டத்தட்ட கால் பாகத்துக்கு நின்றது. நொறுக்கிய மணலில் 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூள் 15 சதவீதம் வரை போகலாம் என்று ஐ.எஸ். 383 சொல்கிறது. பாட்டில் சோதனை ஆய்வகச் சோதனை ஆகிவிடாது. ஆனால் அந்த அடுக்கைப் பார்த்த வீட்டுக்காரர் மேஸ்திரியைத் திட்டுவதை நிறுத்தினார். அதற்காக மேஸ்திரியை விட்டுவிடவும் இல்லை. அந்த மணலைப் பார்த்த அன்றே கலவை போட மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டியவர் அவர்தான். கை தேர்ந்தவருக்குப் பேசாமல் இருந்ததற்கும் பொறுப்பு உண்டு. கூலியில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து முடித்தோம். இருவரும் என்மேல் கோபமாகத்தான் போனார்கள்.

பேச்சில் முடியாவிட்டால் கோர்ட். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பலர் கீரனூர் முன்சீப் கோர்ட்டில் பிராது போடுவது ஒன்றே வழி என்று நினைக்கிறார்கள். காசு கொடுத்து வீட்டு வேலை செய்யச் சொன்னவர் சட்டப்படி நுகர்வோர். 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் "சேவை" என்பதற்குள் வீடு கட்டுவதை 1993இல் சேர்த்தார்கள். அதே வருடம் நவம்பர் 5ஆம் தேதி, லக்னோ வளர்ச்சி ஆணையத்துக்கும் எம்.கே. குப்தா என்பவருக்கும் நடந்த வழக்கில், வீடு கட்டித் தருவது சேவைதான், குறை வைத்தால் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அரசு அமைப்புக்கே அப்படியென்றால் நம்மூர்க் கான்ட்ராக்டர் எம்மாத்திரம். இப்போது நடப்பில் இருப்பது 2019ஆம் வருடச் சட்டம், 2020 ஜூலை 20 முதல். புதுக்கோட்டையில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, நீங்களே பேசலாம். கான்ட்ராக்டர் வேறு மாவட்டத்துக்காரராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது 2019 சட்டத்தில் வந்த பெரிய வசதி. கட்டணமில்லாமல் யோசனை கேட்க 1915 என்ற எண் உண்டு.

ஆனால் புகாரோடு ஒரு பொறியாளரின் ஆய்வறிக்கை வேண்டும். போட்டோ மட்டும் போதும் என்று போகிறவர்கள் சிரமப்படுவதைப் பார்த்திருக்கிறேன். ஓதம் எந்த வீட்டுப் போட்டோவிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். காரணத்தைப் போட்டோ சொல்லாது. சரிசெய்வதற்கு முன்பே அறிக்கை எடுக்க வேண்டும். அவசரத்தில் வேறு ஆளை வைத்துக் கொத்திப் பூசிவிட்டு வந்து கேட்டால் நான் எதைப் பார்த்து எழுதுவது? ஒழுகும் கூரையோடு காத்திருக்க முடியாதுதான். குறைந்தது கொத்துவதற்கு முன், கான்ட்ராக்டருக்குப் பதிவுத் தபால் போட்டுத் தேதி சொல்லி, இரண்டு சாட்சிகளை வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

கான்ட்ராக்டருக்கு இந்த ஆணையம் கிடையாது. வேலையை முடித்தும் பாக்கி வரவில்லை என்றால் அவர் முன்சீப் கோர்ட்டில்தான் பணத்துக்கு வழக்குப் போட வேண்டும். சட்டம் இந்த இடத்தில் கொத்தனாரை மறந்துவிட்டது என்பது என் எண்ணம். நல்ல வேலை செய்தும் கடைசித் தவணை வராமல் வட்டிக்கு வாங்கிக் கூலி கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். இருவருக்கும் பொதுவாக இருப்பது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் லோக் அதாலத். வழக்குப் போடும் முன்பே அங்கே மனுக் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. இருவரும் சம்மதித்துப் போடும் தீர்ப்பு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் இல்லை. என் கட்டத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போகிறவர்களுக்கு வேலை சீக்கிரம் முடிகிறது.

தவணைதான் எல்லாவற்றுக்கும் வேர். அட்வான்ஸ் என்று பாதியைக் கொடுத்து, கான்கிரீட் போடும் நாளில் கிடா வெட்டி, சந்தோஷத்தில் இன்னும் ஒரு லட்சத்தைக் கையில் திணித்துவிடுகிறோம். வேலை அறுபது சதவீதம் நிற்கும்போது பணம் தொண்ணூறு சதவீதம் போயிருக்கும். அதற்கப்புறம் அவருக்கு உங்கள் வீட்டுக்கு வர என்ன அவசரம்? அடுத்த வீட்டில் புது அட்வான்ஸ் காத்திருக்கிறது. அரசு வேலைகளில் ஒவ்வொரு பில்லிலும் கொஞ்சம் பிடித்து வைத்து, குறை தெரியும் காலம் கழிந்த பிறகே விடுவிப்பார்கள். அதை வீட்டு வேலைக்கும் கொண்டுவருவதில் வெட்கம் எதுவும் இல்லை. பத்தில் ஒரு பங்கு ஒரு மழைக்காலம் கழித்து என்று முதல் நாளே சொல்லிவிட்டால் எந்த நல்ல மேஸ்திரியும் கோபித்துக்கொள்வதில்லை. வேலை முடிந்த அன்று சொன்னால்தான் கோபம் வருகிறது.

நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடம், சிவில் வழக்குக்குப் பொதுவாக மூன்று வருடம் கெடு. "தம்பி வர்றேன்னு சொல்லியிருக்கான்" என்று மூன்று மழைக்காலத்தைக் கடத்திவிட்டு வருகிறவர்களுக்கு என்னால் எதுவும் செய்ய முடிவதில்லை. சுவரில் ஓதம் தெரிந்த அன்றே தேதி போட்டு ஒரு போட்டோ எடுங்கள், கான்ட்ராக்டருக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள், அவர் சொன்ன பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.